யூஸ்நெட் செய்தி ஓடையும் தமிழ் மடல்களின் படிமரபும்

1. முன்னுரை

ஏட்டுச் சுவடிகளின் வழியே நூல்கள் நம்மை வந்தடைந்த வரலாற்றை ஆராய்வோர் மூன்று வினாக்களை எழுப்புதல் வழக்கம். ஒரு படி எந்த மூலப்படியைப் பார்த்து எழுதப்பட்டது? எழுதியவர் எவற்றைக் கொண்டார், எவற்றை விடுத்தார்? எழுதிய படி எத்துணைக் காலம் பேணப்பெற்றது? கணிப்பொறிகளுக்கிடையே மடல்களைப் பரப்பிய யூஸ்நெட் என்னும் அமைப்பை ஆராயப் புகுவோரும் இம்மூன்று வினாக்களையே எதிர்கொள்கின்றனர். இணையச் சேவை வழங்குநர் ஒருவரிடமிருந்து யூஸ்நெட் செய்தி ஓடையைப் பெற்று அமைப்பவர், இவ்வினாக்களுக்கு உரிய விடைகளைத் தம் கணிப்பொறியில் முன்னரே எழுதி வைக்கின்றார் எனலாம்.

ஓசூர், கிருட்டிணகிரி எல்லைப் பகுதியிலுள்ள ஒரு கல்லூரியின் தமிழ்த்துறை இவ்வோடையை அமைத்துக்கொள்வதாக வைத்து, அம்முறையை இக்கட்டுரையில் விளக்க முயல்கின்றோம். 1990-களில் தமிழர் இணையத்தில் எழுதிய மடல்கள் இக்கால இலக்கிய வரலாற்றுக்கும் மொழி வரலாற்றுக்கும் உரிய மூலங்களாகும். அவற்றுள் எவை எஞ்சின, எவை மறைந்தன என்பது ஓடையின் அமைப்பைப் பொறுத்தது. ஆதலின் இதனைத் தொழில்நுட்ப வல்லுநர்க்கே உரிய பொருள் எனத் தமிழாய்வாளர் ஒதுக்கிவிடுதல் இயலாது.

2. யூஸ்நெட் என்பது யாது?

அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழக மாணவர்களாயிருந்த டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகிய இருவரும் 1979-ஆம் ஆண்டில் இவ்வமைப்பைக் கருதினர். அருகிலிருந்த வட கரோலினாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஸ்டீவ் பெல்லோவின் அதற்குரிய முதல் நிரலை எழுதினார். 1980-இல் இது பிறர்க்கும் அறிவிக்கப்பட்டது. அன்று இணையம் பரவியிருக்கவில்லை. ஒரு கணிப்பொறி மற்றொன்றைத் தொலைபேசி வழியே அழைத்து, தன்னிடமுள்ள புதிய மடல்களைக் கொடுத்துவிட்டு, அதனிடமுள்ளவற்றைப் பெற்றுக்கொண்டது. அவ்விரண்டாவது கணிப்பொறி பின்னர் மூன்றாவதை அழைத்தது. இவ்வாறு கைம்மாறிக் கைம்மாறி ஒரு மடல் உலகெங்கும் சென்றது.

இவ்வமைப்பில் தலைமை நிலையம் என ஒன்று இல்லை. மடலின் மூலம் ஓரிடத்தில் இருக்க, பிறர் அங்கு வந்து படித்துச் செல்வதும் இல்லை. ஒவ்வொரு சேவையகமும் தனக்கென ஒரு படியை வைத்துக்கொள்கின்றது. இன்று நாம் இணையத்தில் ஒரு பக்கத்தைப் படிக்கும்போது, அப்பக்கம் ஒருவரது கணிப்பொறியில் இருப்பதைப் படிக்கின்றோம். அவர் அதனை நீக்கிவிட்டால் நமக்கு அது கிட்டுவதில்லை. யூஸ்நெட்டிலோ மடலை எழுதியவரின் சேவையகம் மூடப்பட்டாலும் பிற சேவையகங்களில் அதன் படிகள் நிற்கும். மடங்களிலும் புலவர் இல்லங்களிலும் தனித்தனிப் படிகளாக நூல்கள் வாழ்ந்த நிலையோடு இஃது ஒப்பிடத்தக்கது.

மடல்கள் பொருள்வாரியாகச் செய்திக் குழுக்களாக வகுக்கப்பட்டுள்ளன. ஒரு குழுவின் பெயர் பொதுவிலிருந்து சிறப்பு நோக்கிச் செல்லும். தமிழர்க்குரிய குழுவின் பெயர் ‘சோக்.கல்ச்சர்.தமிழ்’ என்பது. முதற் சொல் சமூகத்தையும், இடைச்சொல் பண்பாட்டையும், இறுதிச் சொல் இனத்தையும் மொழியையும் சுட்டும். கன்னடத்தார் குழுவின் பெயர் ‘சோக்.கல்ச்சர்.இண்டியன்.கர்நாடகா’ என்றும், தெலுங்கர் குழுவின் பெயர் ‘சோக்.கல்ச்சர்.இண்டியன்.தெலுகு’ என்றும் அமைந்தன. தமிழ்க் குழுவின் பெயரில் ‘இண்டியன்’ என்னும் படி இடம்பெறவில்லை. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் வாழும் மக்கள் ஒருங்கு கூடிய குழுவிற்கு இவ்வமைப்புப் பொருந்துவதாகும். மூன்று மொழியாரும் அடுத்தடுத்து வாழும் ஓசூரில் இருந்து நோக்குவார்க்கு இப்பெயர் வேறுபாடு எளிதில் புலப்படும்.

3. ஓடை வரும் வழி

ஒரு சேவையகம் மற்றொன்றுக்குத் தொடர்ந்து மடல்களை வழங்கும் ஏற்பாடே செய்தி ஓடை எனப்படும். தொடக்கத்தில் பல்கலைக்கழகங்களும் ஆய்வகங்களும் நட்பின் பேரில் ஓடைகளை அளித்தன. தொலைபேசிச் செலவு மிகவே, கட்டணம் பெற்று ஓடை வழங்கும் நிறுவனம் வேண்டுவதாயிற்று. 1987-இல் ரிக் ஆடம்ஸ் தோற்றுவித்த யூயூநெட் அத்தகையது. இணையச் சேவை வழங்குநர் என்று இன்று நாம் வழங்கும் தொழிலின் முன்னோடிகளுள் ஒன்றான அந்நிறுவனம், யூஸ்நெட் ஓடையையும் மின்மடலையும் வழங்குவதற்கென்றே தோன்றியது என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இந்தியாவில் 1986-இல் தொடங்கப்பெற்ற எர்னெட் என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பே இத்துறையில் முதலில் நின்றது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், சென்னை உள்ளிட்ட ஐந்து இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள், பம்பாயிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் முதலியன அதன் கணுக்களாக விளங்கின. பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கிற்று. தனியார் வழங்குநர்க்கு 1998-இல் இசைவு கிட்டியது.

தொலைபேசி வழியே மடல்கள் சென்ற காலத்தில், ஓடையின் திசையைத் தூரமும் கட்டணமுமே வரையறுத்தன. ஓசூரிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ளது, சென்னையோ 300 கி.மீ.-க்கு அப்பாற்பட்டது. ஆதலின் அந்நாளில் ஓசூரில் ஒரு கணு அமைந்திருப்பின், அதற்கு அண்மையிலிருந்த எர்னெட் கணு மாநில எல்லைக்கு அப்பாலிருந்த பெங்களூர்க் கணுவேயாகும். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது ஓசூர் வட்டம் சென்னை மாநிலத்தில் நின்றது. 1965-இல் தருமபுரி மாவட்டத்திலும், 2004-இல் கிருட்டிணகிரி மாவட்டத்திலும் சேர்ந்தது. ஆட்சி எல்லை ஒரு வழியும், வாணிகமும் தொழிலும் மற்றொரு வழியும் செல்லும் இந்நிலப்பகுதியில், சிப்காட் தொழிற்பேட்டையின் சரக்குந்துகளைப் போன்றே செய்தி ஓடையும் எல்லை கடந்தே வந்திருக்கும். இணையம் பரவியபின் தூரம் ஒரு பொருட்டன்று. ஆயினும் எவரிடமிருந்து பெறுவது என்னும் வினா எஞ்சியே நிற்கின்றது.

4. ஓடையை அமைக்கும் முறை

இணையத்தின் வழியே செய்திகளை மாற்றிக்கொள்ளும் நெறிமுறை என்.என்.டி.பி. எனப்படும். பிரையன் கேன்டர், ஃபில் லாப்ஸ்லி ஆகியோர் அதனை 1986 பிப்ரவரியில் ஆர்.எஃப்.சி. 977 என்னும் ஆவணமாக வெளியிட்டனர். 2006-இல் ஆர்.எஃப்.சி. 3977 அதன் இடத்தைப் பெற்றது. இந்நெறிமுறைக்கு உரிய போர்ட் எண் 119. ரிச் சால்ஸ் எழுதி 1992-இல் வெளிவந்த ஐ.என்.என். என்னும் மென்பொருள் இதற்குப் பெரிதும் பயன்படுவது. அதனைக் கொண்டு அமைப்போர் செய்ய வேண்டுவன ஐந்து.

முதலாவது, உடன்பாடு. வழங்குநரிடம் நம் சேவையகத்தின் பெயரைத் தெரிவித்து, எந்தக் குழுக்கள் வேண்டும் என்று கூறுதல் வேண்டும். குழுக்களை ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டுவதில்லை. ‘சோக்.கல்ச்சர்.*’ என்று எழுதினால் அத்தொடக்கமுடைய குழுக்கள் யாவும் அடங்கும். வழங்குநர் இதனைத் தம் ‘நியூஸ்ஃபீட்ஸ்’ என்னும் கோப்பில் எழுதிக்கொள்வார். படம், ஒலி முதலிய கோப்புகளைத் தாங்கிய குழுக்களை விலக்கிவிடுதல் இன்றியமையாதது. அவற்றையும் சேர்த்த முழு ஓடையின் அளவு இக்காலத்தில் நாளொன்றுக்கு 100 டெராபைட்டுக்கும் மேற்பட்டது. உரைநடை மடல்கள் மட்டும் கொண்ட ஓடையோ ஒரு சிறிய கணிப்பொறிக்கும் அடங்குவது.

இரண்டாவது, வாயில் காத்தல். எந்தச் சேவையகங்கள் நமக்கு மடல் தரலாம் என்பதை ‘இன்கமிங்.கான்ஃப்’ என்னும் கோப்பில் எழுதுதல் வேண்டும். அதில் பெயரில்லாதார் தரும் மடல் ஏற்கப்படாது. நம் பக்கத்தில் எழுதப்பெறும் மடல்களை வழங்குநர்க்கு அனுப்பும் ஏற்பாட்டை நம்முடைய ‘நியூஸ்ஃபீட்ஸ்’ கோப்பில் எழுதுகின்றோம்.

மூன்றாவது, குழுப் பட்டியல். நாம் ஏற்கும் குழுக்களின் பெயர்கள் ‘ஆக்டிவ்’ என்னும் கோப்பில் இருத்தல் வேண்டும். பட்டியலில் இல்லாத குழுவின் மடல், வழங்குநர் அனுப்பினும் தனக்குரிய இடத்தில் தங்காது.

நான்காவது, படிப்போர். துறை மாணவர் மட்டும் படிக்கலாமா, வெளியாரும் படிக்கலாமா, எழுதும் உரிமை யார்க்கு என்பனவற்றை ‘ரீடர்ஸ்.கான்ஃப்’ என்னும் கோப்பு வரையறுக்கும்.

ஐந்தாவது, சேமிப்பும் கழிவும். இதனை ஏழாம் பகுதியில் விரித்துரைப்போம்.

இவ்வளவும் அமைந்தபின் ஓடை தானே இயங்கும். ஒவ்வொரு மடலுக்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத ஓர் அடையாளக் குறி உண்டு. வழங்குநரின் சேவையகம், “இக்குறியுடைய மடல் என்னிடம் உள்ளது, வேண்டுமா?” என்று வினவும். நம் சேவையகம் தன் வரவேட்டைப் பார்த்து, மடல் முன்னரே வந்திருப்பின் 435 என்றும், வாராதிருப்பின் 335 என்றும் விடையிறுக்கும். 335 என்ற விடை பெற்றபின்பே மடல் அனுப்பப்படும். நன்கு வந்து சேர்ந்தால் 235 என்னும் எண்ணால் பெற்றமை அறிவிக்கப்படும். எத்தனை வழிகளில் வந்தாலும் ஒரு மடல் ஒரு முறையே ஏற்கப்படுவதற்கு இவ்வினாவிடையே காரணமாகும்.

உடன்பாடு செய்துகொள்ள இயலாத சிறு துறைகட்கு வேறு வழியும் உண்டு. லீஃப்நோடு போன்ற எளிய மென்பொருள்கள், படிப்பவர் ஒருவரைப் போல வழங்குநரிடம் சென்று, வேண்டிய குழுக்களின் மடல்களை மட்டும் எடுத்து வந்து சேர்க்கும். வழங்குநர் கொணர்ந்து தருதல் முன்னது. நாமே சென்று எடுத்தல் பின்னது.

5. வழித்தடமும் படிமரபும்

ஒவ்வொரு மடலின் தலைப்பகுதியிலும் ‘பாத்’ என்னும் வரி ஒன்று உண்டு. மடல் ஒரு சேவையகத்தைக் கடக்கும்போது, அச்சேவையகம் தன் பெயரை அவ்வரியின் முன்னே சேர்த்து, வியப்புக்குறியால் பிரித்துவிடும். ஆகவே வரியின் முதலில் இருப்பது இறுதியாகப் பெற்ற இடம். கடைசியை அணுக அணுக மடல் தோன்றிய இடத்தை நெருங்குகின்றோம். பெறுவோரின் பெயர் அவ்வரியில் முன்னரே இருப்பின், அவர்க்கு மடல் மீண்டும் அனுப்பப்படுவதில்லை.

மூலபாட ஆராய்ச்சியாளர்க்கு இவ்வரி அரிய சான்றாகும். சுவடிகளில் எப்படி எதைப் பார்த்து எழுதப்பட்டது என்பதைப் பிழைகளின் ஒற்றுமையைக் கொண்டு உய்த்துணர வேண்டியுள்ளது. யூஸ்நெட் மடலிலோ ஒவ்வொரு படியும் தன் வழிமரபைத் தானே ஏந்தி வருகின்றது. ஒரே அடையாளக் குறியுடைய இரு படிகள் இரு தொகுப்புகளிற் கிடைப்பின், அவற்றின் வழித்தட வரிகள் வேறுபடும். உடற்பகுதி ஒன்றாக இருத்தல் வேண்டும். உடற்பகுதியிலும் வேறுபாடு காணப்படின், எந்த வழியில் அது நேர்ந்தது என ஆராயலாம். ஆதலின் இம்மடல்களைத் தொகுப்போர் தலைப்பகுதியை நீக்கி உடற்பகுதியை மட்டும் வைத்துக்கொள்வது, சுவடியின் இறுதியில் எழுதியோர் பெயரும் நாளும் கூறும் குறிப்பை வெட்டி எறிவதனோடு ஒக்கும்.

6. எழுத்துச் சிக்கல்

தொடக்க கால யூஸ்நெட் ஆங்கில எழுத்துகளுக்கு அமைந்த 7 பிட் குறியீட்டையே உறுதியாகக் கடத்தவல்லதாயிருந்தது. ஆதலின் தமிழ் மடல்கள் உரோமன் எழுத்திலேயே எழுதப்பட்டன. லகர ளகர வேறுபாட்டையும் நகர ணகர வேறுபாட்டையும் சிலர் சிற்றெழுத்தாலும் பேரெழுத்தாலும் காட்டினர், பலர் காட்டவேயில்லை. குறில் நெடில் வேறுபாட்டையும் சிலர் விடுத்தனர். புள்ளியும், எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் இல்லாத ஏடுகளைப் படித்துப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர் எதிர்கொண்ட இடர்ப்பாடே இங்கும் மற்றோர் உருவில் தோன்றுகின்றது. இடம் நோக்கியும் பொருள் நோக்கியும் பாடம் துணிதல் வேண்டும்.

பின்னர் 8 பிட் எழுத்துருக்கள் வந்தன. ஒவ்வோர் எழுத்துருவும் தமிழ் எழுத்துகளை வெவ்வேறு எண்களில் வைத்தது. மடலைத் திறக்க எந்த எழுத்துரு வேண்டும் என்பது மடலிலேயே குறிக்கப்படாத இடங்களில், இன்று அது பொருளற்ற குறிகளின் தொகுதியாகத் தோன்றும். சென்னையில் 1999 பிப்ரவரியில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டில் விசைப்பலகையும் எழுத்துக் குறியீடுகளும் தரப்படுத்தப்பட்டன. 1991-இல் வெளிவந்த யூனிகோடு முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்ததாயினும், அது மக்கள் வழக்கில் நிலைபெறப் பல்லாண்டுகள் ஆயின. ஆதலின் 1990-களின் மடல்களைப் பதிப்பிப்போர், வந்த உருவை மாற்றாது ஒரு படி வைத்துக்கொண்டு, யூனிகோடில் பெயர்த்த படியைத் தனியே ஆக்குதல் வேண்டும். பெயர்த்த படி பாடத்துணிபு என்னும் தகுதியையே பெறும், மூலம் ஆகாது.

7. கழிவும் காப்பும்

ஓடை அமைப்போர் பெரும்பாலும் கருத்தூன்றாத பகுதி கழிவு பற்றியது. வட்டில் இடம் குறைவாயிருந்த காலத்தில், மடல்களைச் சில நாட்களிலோ சில வாரங்களிலோ நீக்கிவிடுவதே வழக்கம். ‘எக்ஸ்பயர்.சி.டி.எல்’ என்னும் கோப்பில் எழுதப்படும் எண்ணே ஒரு மடலின் வாழ்நாள் ஆகும். சேமிக்கும் முறையும் இதனோடு தொடர்புடையது. சி.என்.எஃப்.எஸ். என்னும் முறையில் இடம் நிரம்பியதும் புதிய மடல் பழைய மடலின் மேல் எழுதப்படும். மரபுவழி முறையில் ஒவ்வொரு மடலும் தனிக் கோப்பாக நிற்கும். ஆய்வுத் துறையினர் பின்னதையே கொள்ளுதல் தகும்; தமக்குரிய குழுக்கட்கு நாள் எண்ணின் இடத்தில் ‘நெவர்’ என்று எழுதினால் அவை நீக்கப்பெறுவதில்லை.

மற்றொன்றும் கருதத்தக்கது. ஐ.என்.என். இயல்பாகப் பத்து நாட்களுக்கு முற்பட்ட மடல்களை ஏற்பதில்லை. பழைய மடல் மீண்டும் சுற்றி வாராமைக்கு இவ்வரையறை உதவுகின்றது. ஆனால் பழந்தொகுப்பு ஒன்றைச் சேவையகத்தில் ஏற்ற விழைவோர்க்கு இதுவே தடையாகும். ‘ஆர்ட்கட்டாஃப்’ என்னும் அளவைச் சுழியாக்கினால் தடை நீங்கும். அங்ஙனம் ஏற்றும் காலத்தில் வெளியோடையை நிறுத்தி வைத்தல் வேண்டும்; இல்லையேல் பழைய மடல்கள் பிறர்க்குப் புதியன போலச் செல்ல நேரும்.

காப்பின் அருமைக்கு ஒரு வரலாறு சான்றாகும். 1981 முதல் 1991 வரையுள்ள யூஸ்நெட் மடல்களில் பெரும்பகுதி இன்று கிடைப்பதற்குக் காரணர், டொராண்டோப் பல்கலைக்கழக விலங்கியல் துறையிற் பணியாற்றிய ஹென்றி ஸ்பென்சர் ஆவார். அவர் மடல்களைக் கழியவிடாது காந்த நாடாக்களில் எடுத்து வைத்தார். 141 நாடாக்களில் இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட மடல்கள் இருந்தன. அவை பின்னர்க் கூகுள் நிறுவனத்தின் தொகுப்பிற் சேர்ந்து 2001-இல் வெளிவந்தன. மொழித் துறையோ வரலாற்றுத் துறையோ செய்யாத பணியை ஒரு விலங்கியல் துறை செய்தது என்பது நாம் எண்ணிப் பார்த்தற்குரியது.

ஓடைகள் வற்றியதும் வரலாறே. 2005-இல் ஏ.ஓ.எல். நிறுவனமும், 2008-ஐ ஒட்டி அமெரிக்காவின் பிற பெரிய வழங்குநர் பலரும் யூஸ்நெட் சேவையைக் கைவிட்டனர். யூஸ்நெட் பிறந்த டியூக் பல்கலைக்கழகம் 2010 மே மாதத்தில் தன் சேவையகத்தை மூடியது. கூகுள் நிறுவனம் 2024 பிப்ரவரி 22 முதல் புதிய யூஸ்நெட் மடல்களை ஏற்பதை நிறுத்தியது. பழையனவற்றைப் படிக்கும் வசதியை மட்டும் வைத்துள்ளது. உரைநடைக் குழுக்களுக்குக் கட்டணமின்றி இடந்தரும் சேவையகங்கள் சில இன்றும் இயங்குகின்றன. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் நூலகத்தில் பழைய மடல்கள் செய்திக் குழு வாரியாகத் தொகுத்து வைக்கப்பட்டுள்ளன. ஆயினும் இவை எவையும் தமிழாய்வாளர் பொறுப்பில் உள்ளன அல்ல.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், செய்தி ஓடை அமைத்தல் என்பது எவரிடம் படி பெறுவது, எவற்றைப் பெறுவது, எத்துணைக் காலம் வைத்திருப்பது என்னும் மூன்று முடிவுகளின் தொகுதி என்பது போதரும். முதலிரண்டும் ஓடை தொடங்கும் நாளில் ஆராயப்படுகின்றன. மூன்றாவதைப் பற்றி முன்னாளில் சேவையகம் பேணியோர் வட்டின் இடத்தை நோக்கியே முடிவு செய்தனர்; அம்முடிவே இன்று நமக்குக் கிடைக்கும் மூலங்களின் அளவை வரையறுத்துவிட்டது.

கிருட்டிணகிரி மாவட்டத்தின் நடுகற்கள் வெட்டவெளியில் நிற்கின்றன. மழையும் வெயிலும் எழுத்தைத் தேய்ப்பதற்கு முன் அவற்றை மைப்படி எடுத்தல் வேண்டும் என்பதில் இப்பகுதி ஆய்வாளர்க்குக் கருத்து வேறுபாடு இல்லை. புலம்பெயர்ந்த தமிழர் போரையும் இலக்கியத்தையும் திரைப்படத்தையும் பற்றி உரோமன் எழுத்தில் எழுதிய மடல்களுக்கும் அத்தகைய படி வேண்டும். அதற்கு வேண்டுவன ஒரு சிறு கணிப்பொறியும், உரைநடைக் குழுக்களுக்கான ஓடை ஒன்றும், எழுத்துக் குறியீடுகளை அறிந்த மாணவர் இருவருமே. தமிழ்க் குழுவோடு கன்னட, தெலுங்குக் குழுக்களையும் சேர்த்துப் பெறின், ஒரே மடல் பல குழுக்களுக்கு அனுப்பப்பட்ட இடங்களையும், எல்லைச் சிக்கல்கள் மூவர் மடல்களிலும் பேசப்பட்ட முறையையும் ஒப்பிட்டு ஆராயலாம். மும்மொழியும் வழங்கும் ஓசூர்ப் பகுதி மாணவர் இதற்கு ஏற்றவர்.

மடல் எழுதியோர் பலர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். ஆதலின் தனியார் பெயரையும் முகவரியையும் வெளியிடும்போது அவர்தம் இசைவைப் பெறுதல் முறை. அவர்கள் வாழும் காலத்திலேயே இப்பணி தொடங்குமாயின், ஐயமான பாடங்களை எழுதியோரிடமே வினவித் தெளியலாம். ஏட்டுச் சுவடிகளை ஆராய்ந்தோர்க்குக் கிட்டாத இவ்வாய்ப்பு நெடுநாள் நீடிப்பதன்று. முதுகலை மாணவர் சிலரேனும் இதனைத் தம் ஆய்வுப் பொருளாக மேற்கொள்வாராக.